எஸ்டோனியா உண்மையில் எதைப் பூட்டியது?

மருத்துவத் தரவுக்கு பிளாக்செயின் (பதிவுகளை ஒன்றோடொன்று சங்கிலியாகப் பிணைத்து, பிறகு சத்தமில்லாமல் திருத்த முடியாதபடி வைக்கும் கணினிப் பதிவேடு) என்று யார் பேச ஆரம்பித்தாலும் மூன்றாவது நிமிடத்தில் எஸ்டோனியா வந்துவிடும். ‘அங்கே நாட்டு மக்கள் எல்லோருடைய மருத்துவ ஆவணங்களும் பிளாக்செயினில்தான் இருக்கின்றன’ என்பார்கள். மருத்துவமனை மென்பொருள் தொழிலில் இருப்பதால் இந்த வாக்கியத்தைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். விற்க வந்தவர் சொல்லியிருக்கிறார், வாங்க நினைத்த நிர்வாகி சொல்லியிருக்கிறார், கல்லூரிக் கருத்தரங்கில் பேராசிரியரும் சொல்லியிருக்கிறார். யாரும் ஏமாற்றும் எண்ணத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு எஸ்டோனியரின் ரத்தப் பரிசோதனை முடிவுகூட எந்தச் சங்கிலியிலும் இல்லை. சங்கிலியில் இருப்பது வேறொன்று. அது என்னவென்று புரிந்துகொண்டால், இந்தத் தொழில்நுட்பத்தால் ஒரு மருத்துவமனைக்கு ஆகக்கூடியதும் ஆகாததும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். நம் ஊரில் ஒரு நடுத்தர மாவட்டத்துக்கு இணை. சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்ட பிறகு, காகித அலுவலகங்களைப் புதிதாகக் கட்டுவதைவிட நேராகக் கணினிக்குப் போய்விடலாம் என்று முடிவெடுத்த நாடு. 2001இல் அரசுத் தரவுத்தளங்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் எக்ஸ்-ரோடு வந்தது. 2002இல் மின்னணு அடையாள அட்டை வந்தது. 2008 இறுதியில் தேசிய மருத்துவத் தகவல் அமைப்பும் 2010இல் மின்னணு மருந்துச்சீட்டும் தொடங்கின. இந்த வரிசையில் எதிலும் பிளாக்செயின் இல்லை. எக்ஸ்-ரோடுதான் அந்த பிளாக்செயின் என்று உலகம் முழுக்க எழுதித் தள்ளியதால், அதைப் பராமரிக்கும் நார்டிக் அமைப்பே 2018இல் ‘இதில் பிளாக்செயின் கிடையாது’ என்று தனியாக எழுத வேண்டியிருந்தது.

இடையில் ஒரு பெரிய அடி விழுந்தது. தலைநகர் டாலினின் மையத்தில் நின்ற சோவியத் காலத்து வெண்கலப் போர்வீரன் சிலையை 2007 ஏப்ரல் இறுதியில் அரசு ராணுவக் கல்லறைக்கு மாற்றியது. தெருவில் கலவரம் மூண்டது. கூடவே இணையத்தில் தாக்குதல் தொடங்கி, வங்கிகள், நாளிதழ்கள், அரசுத் தளங்கள் எல்லாம் வாரக்கணக்கில் தடுமாறின. தளம் முடங்கினால் கண்ணுக்குத் தெரியும், எப்படியும் சரிசெய்துவிடலாம். ஆனால் ஒருவர் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்து நிலப்பதிவில் ஒரு பெயரையோ மருந்துச்சீட்டில் ஒரு எண்ணையோ மாற்றிவிட்டுப் போனால்? அதைச் செய்தவர் வெளியாளாக இல்லாமல், நிர்வாகியின் கடவுச்சொல்லை வைத்திருக்கும் உள்ளாளாகவே இருந்தால்? எஸ்டோனியர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அவர்களிடம் எனக்குப் பிடித்ததே இதுதான்.

அதே 2007இல் அங்கே கார்ட்டைம் என்ற நிறுவனம் உருவானது. ஆஹ்தோ பூல்தாஸ், மார்ட் சாரெபெரா ஆகிய குறியாக்கவியலாளர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். பிளாக்செயினைப் பிரபலமாக்கிய மின்னணு நாணயமான பிட்காயின் பற்றிய முதல் கட்டுரை வெளிவந்தது அடுத்த ஆண்டு, 2008 அக்டோபரில். ஆகவே இவர்கள் பிட்காயினைப் பார்த்து எதையும் செய்யவில்லை. இரு தரப்புக்கும் பொதுவான மூதாதையர் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற அமெரிக்க ஆய்வாளர்கள். ஒரு கணினி ஆவணம் குறிப்பிட்ட நாளில் இருந்தது, அதற்குப் பிறகு மாறவில்லை என்று எப்படி நிரூபிப்பது என 1991இல் எழுதியவர்கள் அவர்கள். அவர்களுடைய நிறுவனம் 1995 முதல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் வாரம் ஒருமுறை புரியாத எழுத்துக்களாலான ஒரு சரத்தை அச்சிட்டு வந்தது. இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மிகச் சிக்கலான கணிதம் கடைசியில் போய் நின்ற இடம், லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட காகிதம். யாராலும் திரும்ப வாங்கித் திருத்த முடியாத காகிதம்.

கார்ட்டைம் செய்வதும் இதே வழிதான். எந்த ஆவணமாக இருந்தாலும் அதிலிருந்து ஹாஷ் எனப்படும் நிலையான நீளமுள்ள ஒரு எண்ணைக் கணக்கிடலாம். ஆவணத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும். ஹாஷை வைத்துக்கொண்டு ஆவணத்தை மீண்டும் உருவாக்க முடியாது. வாடிக்கையாளரின் சர்வர் ஆவணத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஹாஷை மட்டும் அனுப்பும். ஒவ்வொரு வினாடியும் அப்படி வந்து சேரும் ஹாஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, அவற்றிலிருந்து புதிய ஹாஷ் எடுத்து, மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்து, தலைகீழ் மரம்போல ஒரே உச்சிக்குக் கொண்டுபோவார்கள். அந்த உச்சி முந்தைய வினாடிகளின் உச்சிகளோடு பிணைக்கப்படும். குறிப்பிட்ட இடைவெளியில் அந்த மொத்தத்தின் ஒற்றை ஹாஷ் ஃபைனான்ஷியல் டைம்ஸ் போன்ற நாளிதழில் அச்சாகும்.

இந்த மரத்தின் அழகு கணக்கில் இருக்கிறது. பத்து லட்சம் ஆவணங்கள் ஒரே வினாடியில் வந்திருந்தாலும், அவற்றில் ஒன்று அன்று இருந்த நிலையில்தான் இன்றும் இருக்கிறது என்று நிரூபிக்க 20 ஹாஷ்கள் போதும். மீதி 9,99,999 பேரின் ஆவணங்களைப் பார்க்கவே தேவையில்லை. பிட்காயினில் உள்ளதுபோல நாணயம் இல்லை, மின்சாரத்தை விழுங்கும் சுரங்கக் கணினிகள் இல்லை, காக்க வேண்டிய ரகசியச் சாவியும் இல்லை.

அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் விபத்துப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிய யோசனையே அல்ல. தையல் போட்ட கனமான நோட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்ட எண். ஏ.ஆர். காப்பி என்று காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போவது அதிலிருந்துதான். இரண்டு பதிவுகளுக்கு நடுவில் மூன்றாவதைச் செருக முடியாது, பக்கத்தைக் கிழித்தால் எண் காட்டிக்கொடுக்கும், காப்பி ஏற்கெனவே வெளியே போய்விட்டது. காகிதத்தைக் கணினிக்கு மாற்றியபோது நாம் முதலில் தொலைத்தது இந்தத் தையலைத்தான்.

தொலைத்தது எவ்வளவு என்பதை நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் பார்த்தேன். ஊர் வேண்டாம். ஒரு நோயாளியின் குடும்பம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருந்தது. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இப்படிப்பட்ட வழக்குகள் புதிதல்ல. கேஸ் ஷீட்டில் மருத்துவர் வந்து பார்த்த நேரம்தான் வழக்கின் உயிர்நாடி. கணினி ஒரு நேரத்தைக் காட்டியது. அது பிறகு திருத்தப்பட்டதா என்று பார்க்க எங்களிடம் ஒரு ‘கடைசியாக மாற்றிய நேரம்’ இருந்தது. ஆனால் தரவுத்தள நிர்வாகி நினைத்தால் அந்த நேரத்தையும் சேர்த்து மாற்றலாம். மாற்றினாரா? மாற்றவில்லை என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் மாற்றவில்லை என்று நிரூபிக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. குற்றம் செய்யாத மருத்துவருக்கும் அந்தக் கணினி சாட்சி சொல்லவில்லை. பிளாக்செயின் ஆதரவாளர்கள் நோயாளியின் உரிமை என்று மட்டும் பேசுகிறார்கள். மாற்றப்படாத பதிவு முதலில் காப்பாற்றப்போவது நேர்மையான டியூட்டி டாக்டரைத்தான்.

எஸ்டோனியா பூட்டியதும் இதையே. 2016இல் அங்குள்ள மின்னணு மருத்துவ அறக்கட்டளையும் கார்ட்டைமும் சேர்ந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளி ஆவணங்களுக்கு இந்த ஹாஷ் முத்திரையைக் கொண்டுவரப்போவதாக அறிவித்தன. ஆவணங்கள் வழக்கமான தரவுத்தளத்தில், வழக்கமான பாதுகாப்போடுதான் இருக்கின்றன. முத்திரை விழுவது அவை மாறவில்லை என்பதற்கும், அவற்றை யார் எப்போது திறந்தார்கள் என்ற பார்வைப் பதிவேட்டுக்கும். அந்தப் பதிவேட்டை நோயாளியே பார்க்கலாம். அடையாள அட்டையைச் செருகி மருத்துவத் தளத்துக்குள் போனால், தன் ஆவணத்தைத் திறந்தவர் யார் என்று பட்டியல் வரும். தொடர்பில்லாத பெயர் தென்பட்டால் ஏன் என்று கேட்கலாம். குறிப்பிட்ட ஆவணத்தை மருத்துவர்களின் கண்ணிலிருந்து மறைத்தும் வைக்கலாம். காரணமில்லாமல் எட்டிப் பார்த்த மருத்துவப் பணியாளர்கள் மீது அங்குள்ள தரவுப் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுக்கிறது.

இந்த ஏற்பாட்டில் பிளாக்செயினின் பங்கு எவ்வளவு என்று என்னைக் கேட்டால், கால்வாசிகூட இல்லை என்பேன். எல்லோருக்கும் ஒரு நம்பகமான அடையாள அட்டை, பட்டியலை நோயாளிக்குக் காட்டியாக வேண்டும் என்ற சட்டம், புகார் வந்தால் விசாரிக்க ஓர் ஆணையம் ஆகிய மூன்றும் இருப்பதால்தான் முத்திரைக்கு மதிப்பு. பட்டியலை யாருக்கும் காட்டாத மருத்துவமனையில் அதன் மீது முத்திரை குத்தி என்ன பயன்?

ரகசியம் காப்பது முற்றிலும் வேறு வேலை. எஸ்டோனியாவிலேயே 2023 நவம்பரில் ஆஸ்பர் பயோஜீன் என்ற மரபணுப் பரிசோதனை நிறுவனத்தின் சர்வருக்குள் நுழைந்து சுமார் 10,000 பேரின் தரவை எடுத்துக்கொண்டு போனார்கள். சில மாதங்களிலேயே, 2024 பிப்ரவரியில், அப்போதேகா மருந்துக்கடைத் தொடரின் வாடிக்கையாளர் அட்டைத் தரவு களவு போனது. ஏறக்குறைய ஏழு லட்சம் பேர், அதாவது நாட்டில் பாதிப் பேர். அவர்கள் கடையில் என்னென்ன வாங்கினார்கள் என்ற விவரமும் அதில் இருந்தது. அரசின் முத்திரைச் சங்கிலி அப்போதும் சரியாகத்தான் இயங்கிக்கொண்டிருந்தது. திருடியவர்கள் எதையும் மாற்றவில்லை, நகலெடுத்தார்கள். நகலெடுப்பதை எந்த ஹாஷும் தடுக்காது.

கடல் தாண்டினால் பின்லாந்து. அங்கே வாஸ்டாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தின் தரவு திருடப்பட்டு, 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே தனித்தனியாக மிரட்டல் மின்னஞ்சல் போனது. ஆலோசகரிடம் மூடிய அறையில் பேசியவை வெளியே வராமலிருக்க 200 யூரோ கொடு என்று கேட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 33,000 பேர். பணத்தை எதில் கேட்டார்கள் தெரியுமா? பிட்காயினில். அந்தக் கதையில் பிளாக்செயினுக்குக் கிடைத்த ஒரே வேடம் அதுதான்.

நம் நாட்டில் 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் பணயத் தாக்குதலில் முடங்கின. புறநோயாளிப் பதிவு முதல் ஆய்வக முடிவு வரை எல்லாம் நாள்கணக்கில் கையெழுத்துக்குத் திரும்பின. அதன் பிறகு நான் போன கூட்டங்களில் பிளாக்செயின் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொன்னவர்கள் உண்டு. நடந்திருக்கும். பூட்டப்பட்ட கோப்பை அதன் ஹாஷிலிருந்து மீட்க முடியாது. அங்கே தேவைப்பட்டது இணைப்பிலிருந்து விலக்கிவைத்த காப்புப்பிரதியும், அதிலிருந்து மீட்டுப் பார்த்த பழக்கமும். அதை விற்க யாரும் பளபளப்பான படக்காட்சியோடு வருவதில்லை.

‘ஆவணம் வேண்டாம் சார், ஹாஷை மட்டும் சங்கிலியில் போடுகிறோம், ஹாஷிலிருந்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது’ என்பது அடுத்த வாதம். நீளமான டிஸ்சார்ஜ் சம்மரிக்கு இது சரி. சிறிய தகவலுக்கு இது ஆபத்து. நோயாளியை அடையாளம் காண ஆதார் எண்ணின் ஹாஷைப் பொதுச் சங்கிலியில் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஆதாரில் 12 இலக்கங்கள். முதல் இலக்கம் 0, 1 ஆக இருக்காது. கடைசி இலக்கம் மற்ற 11 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண். ஆக மொத்தம் 8,000 கோடி எண்கள்தான் சாத்தியம். வினாடிக்கு 100 கோடி ஹாஷ் என்பது விளையாட்டுக் கணினியில் இருக்கும் வரைகலை அட்டைக்குச் சாதாரணம். 80 வினாடிகளில் எல்லா எண்களையும் போட்டுப் பார்த்துவிடலாம். ‘எச்.ஐ.வி. உண்டு, இல்லை’ போன்ற இரண்டே விடையுள்ள தகவலுக்கு அவ்வளவு நேரமும் தேவையில்லை. ஒவ்வொரு ஹாஷிலும் ரகசியமான ஒரு தற்போக்கு எண்ணைக் கலந்தால் இதைத் தடுக்கலாம். அப்படிச் செய்தால் அந்த எண்ணை எங்கே, யாரிடம் பத்திரமாக வைப்பது என்ற பழைய கேள்விக்கே திரும்பி வருகிறோம்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2016இல் மெட்ரெக் என்ற முன்மாதிரியை எத்தீரியம் என்ற பிளாக்செயின் தளத்தின் மேல் கட்டினார்கள். அங்கும் ஆவணங்கள் மருத்துவமனையிலேயே இருந்தன. எந்த ஆவணம் எங்கே இருக்கிறது, யாருக்கு அனுமதி என்ற சுட்டிகள் மட்டும் சங்கிலியில் இருந்தன. நல்ல ஆய்வு. ஆனால் சுட்டியும் பேசும். ஒருவர் புற்றுநோய் மருத்துவமனையோடு மாதம் இருமுறை தொடர்பு கொள்கிறார் என்று தெரிந்தால் போதாதா?

அழிக்கும் உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவின் ஜி.டி.பி.ஆர். சட்டத்திலும் நம்முடைய 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் தன் தரவை நீக்கக் கோரும் உரிமை இருக்கிறது. மருத்துவ ஆவணங்களுக்கு விதிவிலக்குகள் உண்டென்றாலும், நீக்கவே முடியாத ஓரிடத்தில் தனிப்பட்ட தரவை எழுதுவது தெரிந்தே கிணற்றில் குதிப்பது. ஆவணத்தை வெளியே வைத்து ஹாஷை மட்டும் பதிந்த எஸ்டோனியர்களுக்கு இந்தத் தலைவலி கிட்டத்தட்ட இல்லை.

விற்பனைக்கு வரும் ‘தனியார் பிளாக்செயின்’களைப் பற்றித்தான் எனக்கு உண்மையான எரிச்சல். நான்கு கணினிகள், நான்கிலும் ஒரே சங்கிலி, ஒன்றைத் திருத்தினால் மற்ற மூன்றும் காட்டிக்கொடுக்கும் என்பார்கள். நான்கும் யாருடையவை என்று கேட்டால், எல்லாம் அதே மருத்துவமனையின் கணினி அறையில், அதே நிர்வாகியின் கையில். ஓர் இரவில் நான்கையும் புதிதாக எழுதிவிடலாம். சங்கிலியின் ஒரு முனையாவது மருத்துவமனையின் கைக்கு எட்டாத இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். எஸ்டோனியர்களுக்கு அது நாளிதழ். நம்மிடம் வருகிறவர்கள் இந்த முனையைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை.

அப்புறம், முத்திரைக்கு உள்ளே இருப்பது உண்மையா என்று எந்தச் சங்கிலிக்கும் தெரியாது. பரிசோதனை முகாமில் வரிசை நீண்டுவிட்டால், ரத்த அழுத்தம் பார்க்காமலேயே 120/80 என்று எழுதிக்கொண்டு போகும் கையை எல்லா ஊர்களிலும் பார்க்கலாம். அந்த 120/80ஐ உலகின் மிக உறுதியான கணிதம் என்றென்றைக்கும் காத்து நிற்கும்.

2021 செப்டம்பர் 27 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் பிளாக்செயின் மேல் கட்டப்பட்டதல்ல. நோயாளியை அடையாளம் காண 14 இலக்க ஆபா எண். ஆவணங்கள் அந்தந்த மருத்துவமனையிலேயே. நோயாளி சம்மதித்தால் ஒரு மருத்துவமனை இன்னொன்றுக்கு அனுப்பும். எக்ஸ்-ரோடின் குடும்பச் சாயல் இருக்கிறது, அது நல்லதே. நான் அதில் தேடுவது வேறு. வெளியே அனுப்ப என் சம்மதம் கேட்கிறார்கள், சரி. நான் படுத்திருக்கும் மருத்துவமனைக்குள்ளேயே என் கோப்பை யார் திறந்தார்கள் என்பதை யார் எனக்குச் சொல்வார்கள்? மருத்துவ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. ஆவணத்தைத்தான் கேட்கலாம், பார்வையாளர் பட்டியலை அல்ல.

ஒரு சிறிய மருத்துவமனை என்னிடம் பிளாக்செயின் வேண்டும் என்று கேட்டபோது இரண்டு யோசனைகள் எழுதிக் கொடுத்தேன். முதலாவது, நள்ளிரவில் அன்றைய பார்வைப் பதிவேட்டோடு முந்தைய நாளின் ஹாஷையும் சேர்த்து ஒரு ஹாஷ் கணக்கிட்டு, மருத்துவமனைக்குக் கட்டுப்படாத மூன்று பேருக்கு மின்னஞ்சலில் அனுப்புவது. வெளித் தணிக்கையாளர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், அதே ஊரில் போட்டி மருத்துவமனையின் கணினிப் பிரிவில் ஒருவர். நிரல் ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை, செலவும் இல்லை. இரண்டாவது, கேட்கும் நோயாளிக்கு அவருடைய கோப்பைத் திறந்தவர்களின் பட்டியலை அச்சிட்டுத் தருவது.

முதல் யோசனைக்கு அன்றே சம்மதம் கிடைத்தது. ‘எங்களிடம் பிளாக்செயின் இருக்கிறது’ என்று வரவேற்பறையில் எழுதிப் போடலாமா என்றும் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இரண்டாவதைப் படித்த நிர்வாக இயக்குநர், ‘சண்டையை நாமே அச்சடித்துக் கொடுக்கணுமா சார்?’ என்று சிரித்துக்கொண்டே காகிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

பட்டியலை முதலில் கேட்டவர் வெளி நோயாளி அல்ல, அங்கேயே பணிபுரியும் செவிலியர். அவருடைய கர்ப்பப் பரிசோதனை முடிவு அவர் வீட்டில் சொல்வதற்கு முன்பே வார்டு முழுவதும் தெரிந்திருந்தது. மருத்துவப் பதிவேட்டுப் பிரிவின் பொறுப்பாளர் பட்டியலை எடுத்துப் பார்த்தார். சிகிச்சையில் சம்பந்தமில்லாத ஐந்து பேர் திறந்திருந்தார்கள். செவிலியருக்கு மட்டும் ஒரு நகல் தரப்பட்டது, வெளியே காட்ட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு. இப்போது அங்கே பணியாளர்கள் நோயாளியாகச் சேர்ந்தால் பட்டியல் கேட்கலாம் என்று விதி இருக்கிறது. மற்ற நோயாளிகளுக்கும் அதை நீட்டிப்பது பற்றிய கோப்பு இயக்குநர் மேசையில் இருக்கிறது.